சின்னஞ்சிறு நட்டும் கியர்பாக்ஸின் ஆயுளும்

ரேடியேட்டர் எஞ்சினைக் குளிர்விப்பது என்பதை அனைவரும் அறிவோம். ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றில் அதற்கு இன்னொரு பணியும் உண்டு. கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் சிறு கருவியொன்று ரேடியேட்டரின் ஓரத் தொட்டிக்குள் பொருத்தப்பட்டிருக்கும். சூடான ஆயில் ஒரு குழாய் வழியே அங்கு வந்து, வெப்பம் தணிந்து, மற்றொரு குழாய் வழியே திரும்பும். ஆகவே, ரேடியேட்டரை மாற்றும்போது இவ்விரு குழாய்களையும் கழற்றியே ஆக வேண்டும். தொல்லை தொடங்குவது இங்கேதான்.

பல்லாண்டுகள் வெப்பமும் ஈரமும் பட்ட நட், துருவேறி இறுகியிருக்கும். சாதாரண ஸ்பேனரால் பலங்கொண்டு திருகினால் அதன் முனைகள் மழுங்கும். அல்லது குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். எனவே துரு இளக்கும் எண்ணெயை முன்கூட்டியே விட்டு ஊற விடுங்கள். நட்டைச் சுற்றிக் கவ்வும் ஃபிளேர் நட் ஸ்பேனரைக் கொண்டு கழற்றுங்கள். அப்போது ரேடியேட்டர் பக்கத்து இணைப்பை மற்றொரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். சில கார்களில் நட்டுக்குப் பதிலாகக் கிளிப் இருக்கும். அதனை அகற்றிய பின்னரே குழாயை இழுக்க வேண்டும். மீண்டும் பூட்டும்போது கிளிப்பையும் ஓ-ரிங்கையும் புதிதாகப் போடுவதே நலம்.

இவ்வளவு கவனத்திற்குப் பின்னரும் நட் பழுதாகிவிட்டால் என் செய்வது? மரையில் டேப் சுற்றி இறுக்குவோர் உண்டு. அதனால் பயனில்லை. இவ்வகை இணைப்பில் கசிவைத் தடுப்பது மரையன்று. குழாயின் விரிந்த வாய் எதிர்முகத்தில் அழுந்திப் பதிவதேயாகும். குழாயை வெட்டி, அதன் வழவழப்பான முனையில் ரப்பர் ஹோஸைச் செருகிக் கிளாம்ப் போடுவது அதனினும் ஆபத்தானது. ஓடும் வழியில் ஹோஸ் நழுவினால் ஆயில் முழுதும் வெளியேறிக் கியர்பாக்ஸ் கருகும். சூடான புகைக்குழாயில் ஆயில் பட்டால் தீயும் மூளக்கூடும்.

முறையான வழி இதுவே: பழுதுபட்ட முனையைக் குழாய் வெட்டியால் நேராக வெட்டி, பிசிறு நீக்கி, புதிய நட்டை முதலில் குழாயில் கோத்து, பின்னர் வாயை இரட்டை மடிப்பாக விரித்துப் பூட்ட வேண்டும். குழாயே அரித்திருந்தால் முழுவதையும் மாற்றுவதே அறிவுடைமை. தொடக்கத்தில் நட்டைக் கைவிரலாலேயே திருகி ஏற்றுங்கள். கோணலாக ஏறினால் புது ரேடியேட்டரின் மரையும் கெடும்.

கழற்றிய ஆயிலின் நிறத்தையும் பாருங்கள். இளஞ்சிவப்புப் பால்போல் கலங்கியிருந்தால், ரேடியேட்டருக்குள் கூலன்ட் ஆயிலோடு கலந்துவிட்டது என்று பொருள். 2005 முதல் 2010 வரை வெளிவந்த நிஸான் பாத்ஃபைண்டர் கார்களில் இக்குறை பரவலாகப் பேசப்பட்டது. அந்நிலையில் ரேடியேட்டரை மட்டும் மாற்றுவது போதாது. கியர்பாக்ஸையும் உடனே சோதித்தாக வேண்டும்.

வேலை முடிந்ததும் எஞ்சினை ஓட்டி, இணைப்புகள் உலர்ந்திருக்கின்றனவா எனப் பார்த்து, கையேடு கூறும் ஆயிலையே உரிய அளவுக்கு நிரப்புங்கள். சில நாட்கள் ஓட்டியபின் மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

பட்டறையில் விட்டவர் கண்ணுக்கு இந்த நட் தெரியாது. எனினும் அவர் குடும்பத்தோடு பயணிக்கப்போவது அதனை நம்பியே. பழுதுபார்ப்பவர் கையில் அக்கார் ஓர் அமானிதம். நட் கெட்டுவிட்டால் மறைக்காமல் உரியவரிடம் சொல்லிச் சீர்செய்வதே நேர்மை. எவ்வாறு சீர்செய்தீர்கள் எனக் கேட்டறிவது உரியவரின் கடமை.