விதை நெல்லை ஒரே பத்தாயத்தில் வைக்காதீங்க

உளுந்து தெளிச்சு, சம்பா அறுவடையும் முடிஞ்சதால போன மாசம் கொஞ்சம் ஓய்வு கிடைச்சது. கண் பரிசோதனைக்காகச் சென்னை போய், சைதாப்பேட்டையில் இருக்கும் மகன் வீட்டில் பத்து நாள் தங்கினேன். அங்கே நடந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கம்ப்யூட்டர் சமாச்சாரத்தில் உனக்கென்ன வேலைன்னு கேட்காதீங்க. கடைசியில் அது விதை நெல் சமாச்சாரமாத்தான் வந்து முடிஞ்சது.

முதல் ராத்திரியே தூக்கம் வரலை. ஹாலில் எங்கிருந்தோ 'பீப், பீப்'னு விட்டு விட்டு ஒரு சத்தம். காலையில் மகனிடம் கேட்டேன். "பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர்ப்பா, ரெண்டு வாரமா அப்படித்தான் கத்துது" என்றான். ஊரில் மாடு ராத்திரியில் ஒரு மாதிரி கத்தினால் எழுந்து போய்ப் பார்க்காமல் படுக்க மாட்டோம். எனக்கு மனசு கேட்கலை. மறுநாள் ராத்திரி டார்ச் அடிச்சுத் தேடினேன். டீவி ஸ்டாண்டுக்குள் செருப்பு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, அதில் சிவப்பு விளக்கு.

அதுதான் அவங்க வீட்டு சர்வராம். கல்யாணப் போட்டோ, பேரன் பிறந்ததிலிருந்து எடுத்த வீடியோ, நம்ம நிலப் பத்திரத்தை ஸ்கேன் பண்ணினது எல்லாம் அதுக்குள்ளேதான். உள்ளே நாலு டிபி ஹார்டு டிஸ்க் ரெண்டு. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். இதுக்கு 'ரெய்டு'ன்னு பேர். நான் வருமான வரி ரெய்டுன்னு நினைச்சேன். 1988-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் எழுதின ஆராய்ச்சிக் கட்டுரையில் இருந்து வந்த பேராம். ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றது வேலையை நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளும்.

அந்த ரெண்டில் ஒன்றுதான் செத்திருந்தது. மகன் பதறவே இல்லை. "அதான் இன்னொன்னு இருக்கேப்பா. ரிச்சி ஸ்ட்ரீட் போய்ப் புதுசு வாங்கி மாட்டினா, அதுவா காப்பி எடுத்துக்கும்" என்றான்.

"ரெண்டு டிஸ்க்கும் எப்ப வாங்கினது தம்பி?"

"அஞ்சு வருசம் ஆச்சு. ஒரே நாள், ஒரே கடை."

எனக்கு அங்கேதான் இடிச்சது. ஒரே வயசு ஜோடி மாட்டில் ஒன்று படுத்துட்டா, மிச்சம் இருக்கிற மாட்டின் மேல் முழுப் பாரத்தையும் ஏத்தி அன்னைக்கே சந்தைக்கு ஓட்டுவோமா? புது டிஸ்க்கை மாட்டினதும் பழைய டிஸ்க்கை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை மணிக்கணக்கா படிக்க வைக்கிறாங்க. அதுவும் அஞ்சு வருசம் நிற்காமல் சுத்தினது. வழியில் அதுவும் படுத்துட்டா?

"மாட்டறது இருக்கட்டும். முதல்ல முக்கியமானதை வெளியே எடுத்து வை" என்றேன். கொஞ்சம் யோசிச்சான், சரின்னுட்டான். தனியா ஒரு டிஸ்க்கை யுஎஸ்பியில் சொருகி, பத்திரம், போட்டோ, வீடியோன்னு வரிசையா எடுத்து முடிக்க ராத்திரி ஆகிவிட்டது. மறுநாள்தான் புது டிஸ்க் உள்ளே போனது. காலை எட்டு மணிக்கு ஆரம்பிச்சது, ராத்திரி ஏழுக்குத்தான் பச்சை விளக்கு வந்தது. மருமகள் காபி போட்டுக் கொடுத்து, "மாமா, உங்களாலதான் தப்பிச்சோம்" என்றாள்.

எனக்கும் பெருமைதான். அந்தக் குஷியில், "சரி, நம்ம அப்பாயி பாட்டைப் போடு, கேட்போம்" என்றேன்.

என் அம்மா 2019-ல் காலமானாங்க. 2017 நடவு சமயத்தில் திண்ணையில் உட்கார்ந்து அவங்க பாடின நடவுப் பாட்டு ஏழை என் போனில் பிடிச்சிருந்தேன். அந்த போன் பம்ப்செட் தொட்டியில் விழுந்து போச்சு. அதுக்கு முன்னாடியே மகன் காப்பி எடுத்துட்டதால் நான் கவலைப்படலை.

பெட்டியில் அந்தப் பாட்டு இல்லை. தேடித் தேடிப் பார்த்துட்டு மகன் முகம் மாறிடுச்சு. போன வருசம் இடம் பத்தலைன்னு, ரெண்டு தடவை இருக்கிற ஃபைல்கள்னு நினைச்சு ஒரு ஃபோல்டரை அழிச்சிருக்கான். ஒரு டிஸ்க்கில் அழிச்சதும் அடுத்த டிஸ்க்கிலும் அதே நொடியில் அழிஞ்சிடுச்சு. ஒரு வருசத்தில் அந்த இடத்தில் வேற என்னென்னவோ எழுதியாச்சு. ரிக்கவரி சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கலை.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். கண்ணாடி முன்னாடி ஒரு மரக்கா நெல்லை வெச்சா ரெண்டு மரக்காவாத் தெரியும். இங்கே அள்ளினா அங்கேயும் குறையும். டிஸ்க் செத்தால் ரெய்டு காப்பாத்தும். தப்பா அழிச்சால், வைரஸ் வந்தால், திருடன் பெட்டியோடு தூக்கிட்டுப் போனால் காப்பாத்தாது. வெள்ளம் வந்தாலும் அதே கதைதான்.

வெள்ளத்தைப் பற்றிச் சைதாப்பேட்டைக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பர் ஒன்றாம் தேதி ராத்திரி செம்பரம்பாக்கத்துத் தண்ணியும் மழைத் தண்ணியும் சேர்ந்து அடையாறு பொங்கி, மறைமலையடிகள் பாலத்தில் போக்குவரத்தையே நிறுத்தினாங்க. ஆத்தோரத் தெருக்களில் தரைத்தளத்து வீடுகள் முழுகின. அன்னைக்கு அங்கே ஒரு பெட்டிக்குள் ரெண்டு டிஸ்க் இருந்திருந்தால் ரெண்டும்தான் முழுகியிருக்கும்.

கிராமம் பத்திரம்னு நான் பீத்திக்கலை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறினப்ப எங்க டெல்டாவில் தென்னையெல்லாம் சாய்ஞ்சது, ஓட்டு வீடுகள் பிரிஞ்சு போச்சு. ஆனா சைதாப்பேட்டை முழுகின அன்னைக்கு எங்க வீடு நின்னுச்சு. எங்க வீடு பிரிஞ்ச அன்னைக்குச் சைதாப்பேட்டை நின்னுச்சு. ரெண்டு இடத்துக்கும் ஒரே நாளில் கேடு வர்றது அபூர்வம். பேக்கப் என்கிற விஷயத்தின் சூட்சுமமே அதுதான்.

எங்க பக்கத்து நெல் ஜெயராமன் அண்ணன் செஞ்சதும் இதைத்தான். 174 பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்தார். அதைத் தன் வீட்டுப் பத்தாயத்தில் பூட்டி வைக்கலை. ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் ஆளுக்கு 2 கிலோ விதை கொடுப்பார். அடுத்த வருசம் 4 கிலோவா திருப்பித் தரணும். கஜா வந்த அடுத்த மாசம் அவர் காலமானார். மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் இன்னைக்கும் வயலில் நிக்குது, ஏன்னா ஊர் ஊரா காப்பி இருந்தது.

உலக அளவிலும் இதே கதை உண்டு. சிரியாவில் அலெப்போ பக்கத்தில் ஒரு பெரிய சர்வதேச விதை வங்கி இருந்தது. போர் வந்து அங்கே வேலை செய்ய முடியாமல் போச்சு. ஆனா நார்வேயில் பனி மலைக்குள் 2008-ல் திறந்த ஸ்வால்பார்டு பெட்டகத்துக்கு அவங்க முன்கூட்டியே ஒரு பங்கு விதை அனுப்பி வெச்சிருந்தாங்க. 2015-ல் அதைத் திருப்பி எடுத்து, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைச்சுப் பெருக்கி, 2017-ல் மறுபடியும் ஒரு பங்கைப் பெட்டகத்துக்கே அனுப்பினாங்க. டிஸ்க் செத்து மீண்டு வந்த கதைதானே இதுவும்?

இன்னொன்று. விதையை வெச்சிருந்தா மட்டும் பத்தாது. விதைக்கும் முன்னாடி நூறு நெல்லை எண்ணி ஈரச் சாக்கில் சுத்தி வெச்சு முளைப்பு பார்ப்போம். 80-க்குக் குறைஞ்சா அந்த விதை ஆகாது. நீங்களும் அதே மாதிரி மூணு மாசத்துக்கு ஒரு தடவை பேக்கப்பிலிருந்து நாலு ஃபைலைத் திறந்து பாருங்க. திறந்து பார்க்காத பேக்கப், முளைப்பு பார்க்காத விதை.

கிளவுடில் போட்டாச்சேன்னு சிலர் சொல்வீங்க. நல்லதுதான், அதுவும் வேற இடம்தான். ஆனா போனில் அழிச்சா அங்கேயும் அழியற மாதிரி வெச்சிருக்கீங்களான்னு ஒரு தடவை பார்த்துக்குங்க. அப்படின்னா அதுவும் கண்ணாடிதான்.

பாட்டுக்கு என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. ஊருக்கு வந்ததும் சொந்தக்காரங்க எல்லோருக்கும் போன் போட்டேன். வேதாரண்யம் பக்கம் வாக்கப்பட்ட என் தங்கச்சிக்கு அந்தக் காலத்தில் ரெண்டு பாட்டு அனுப்பியிருந்தேன். கஜாவில் அவ வீட்டு ஓடு பறந்தது, பழைய போனின் மெமரி கார்டு பிழைச்சது. ரெண்டு பாட்டு வந்து சேர்ந்தது. மிச்சம் அஞ்சு போனது போனதுதான். அதைப் பாடத் தெரிஞ்சவங்க இப்ப எங்க தெருவில் யாரும் இல்லை.

மகன் இப்போ பெட்டியின் எச்சரிக்கை போனுக்கே வர்ற மாதிரி மாத்திட்டான். காப்பி எடுத்த அந்தத் தனி டிஸ்க் எங்க வீட்டு பீரோவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கு. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வரும்போது புதுசு ஒன்று கொண்டு வந்து வெச்சுட்டு, பழசை எடுத்துட்டுப் போகணும்னு பேச்சு.

நீங்களும் அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ஸ்வீட் பாக்ஸோடு ஒரு டிஸ்க்கும் கொண்டு வாங்க. அப்பா அம்மா பீரோவில் அதுக்கு இடம் இருக்கும். அப்படியே அவங்க குரலையும் ஒரு தடவை பதிவு பண்ணிட்டுப் போங்க.