விருந்தா, விலையா?

தோழர்களே! போர்வீரனுக்கு அரசு மது ஊற்றிக் கொடுத்த பழைய வழக்கத்தை விருந்தோம்பல் என்று புகழ்வோர் உண்டு. விருந்து என்பது என்ன? தன் இலையில் உள்ளதைப் பிறருக்குப் பகிர்வது. பிறர் இலையில் உள்ளதைப் பறித்துக்கொண்டு, கையில் ஒரு குவளையைத் திணிப்பதற்கும் அதே பெயரா?

கடலை ஆண்ட பிரிட்டிஷ் கப்பற்படையின் கதையைக் கேளுங்கள். அங்கே மாலுமிக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் பீர்; ஏறத்தாழ நாலரை லிட்டர். பீப்பாய்த் தண்ணீர் பாசி பிடிக்கும், அதனால் பீர். நெடும்பயணத்தில் பீரும் கெட்டது. 1655-இல் ஸ்பெயினிடமிருந்து ஜமைக்காவைப் பறித்தது இங்கிலாந்து. அதன்பின் மேற்கிந்தியத் தீவுகளின் ரம் கப்பலேறியது. அந்த ரம்முக்குக் கரும்பு வெட்டியவன் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியிட்டு இழுத்து வரப்பட்ட அடிமை! ஓர் உழைப்பாளியின் குருதி, இன்னோர் உழைப்பாளியின் குவளையில்!

நாள்தோறும் அரை பைன்ட் ரம், 284 மில்லிலிட்டர். குடித்தவன் தள்ளாடினான். தள்ளாடியவனுக்குச் சவுக்கடி. ஊற்றியதும் அரசின் கை. ஓங்கியதும் அரசின் கை! 1740-இல் அட்மிரல் வெர்னன் ஆணையிட்டார்: ஒரு பங்கு ரம்முக்கு நான்கு பங்கு தண்ணீர், இரண்டு வேளையாக. குரோகிரம் துணியில் மேலங்கி அணிந்த அவருக்கு மாலுமிகள் வைத்த பட்டப்பெயரே அந்தக் கலவைக்கும் பெயரானது: கிராக்.

ரம் தவறாமல் வந்தது. கூலி? 1650-களில் குறித்த ஊதியம், 1797 வரை உயரவே இல்லை! அந்த ஆண்டு ஸ்பிட்ஹெட் துறையில் மாலுமிகள் பாய்மரம் விரிக்க மறுத்தார்கள். அவர்கள் கேட்டவை என்ன? கூலி உயர்வு. நோயாளிக்குக் கவனிப்பு. காயம்பட்டவனுக்குச் சம்பளம். உணவை நிறுக்கும்போது ராத்தலுக்கு 14 அவுன்சு அல்ல, 16 அவுன்சு! ஆம் தோழர்களே, குவளையை நிரப்பியவர்கள் தராசில் திருடினார்கள். மாலுமிகள் ஒன்றுபட்டு நின்றார்கள். கூலி உயர்வைப் பெற்றார்கள்.

ரம் அளவு 1824-இல் பாதியானது. 1850-இல் மீண்டும் பாதியானது. 1970 ஜூலை 31-இல் அடியோடு நின்றது. அன்று மாலுமிகள் கையில் கறுப்புப் பட்டை கட்டித் துக்கம் காத்தார்கள். குடிவெறியா? அது மட்டும் அல்ல. தோழனின் பிறந்தநாளா, தன் பங்கிலிருந்து ஒரு மிடறு. உதவியவனுக்கு நன்றியா, அதற்கும் ஒரு மிடறு. அளந்து ஊற்றியது அரசு. பகிர்ந்து கொடுத்தவன் மாலுமி. விருந்தோம்பல் எந்தக் கையில் இருந்தது? சொல்லுங்கள்!

கூலி கேட்கும் நாளில் பிரியாணி வரும். வாக்குக் கேட்கும் நாளில் பாட்டில் வரும். நீட்டுகிறவனின் புன்னகையைப் பார்க்காதே, தோழா! அவன் தராசைப் பார். ராத்தலுக்கு எத்தனை அவுன்சு என்று கேள்!