தேரி நிலம் காற்றுக்கு முன் வெறுமையாகக் கிடக்க வேண்டாம்

சாத்தான்குளம், குதிரைமொழி, இட்டமொழி வட்டாரங்களில் விரிந்து கிடக்கும் தேரிகளின் ஓரத்தில் வாழும் உழவர்களும் பனையேறிகளும் ஆசிரியர்களும் ஒன்றுகூடி, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டப் பொதுமக்கள் முன் இவ்வேண்டுகோளை வைக்கின்றனர். தேரி என்பது முற்காலக் காற்று குவித்த, இரும்பு ஆக்சைடு படிந்து சிவந்த மணல்மேடு. அதன்மேல் நிற்கும் உடையும் பனையும் கொல்லாமரமும் அடிப்புல்லுமே அம்மணலை நிலைகொள்ளச் செய்கின்றன.

பெய்யும் மழையைவிட ஆவியாகக்கூடிய நீர் மிகுந்திருந்தாலும், பாலையாகிவிடாத அளவுக்கு மழை பெறும் நிலத்தை அரைவறள் நிலம் என்பர். இவ்வட்டாரத்துக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றோ, மழையை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் இறக்கிவிட்டு, மலையிடைக் கணவாய்களின் வழியே வறண்ட பெருங்காற்றாக வைகாசி முதல் ஆவணி வரை வீசுகிறது. காற்றின் வேகம் இருமடங்கானால் அது கடத்தும் மணல் ஏறத்தாழ 8 மடங்காகும் என்பது பாலை மணலை ஆராய்ந்த பேக்னால்டின் முடிவிலிருந்து பெறப்படுவதாகும்; ஆகவே தரையை ஒட்டிய காற்றைச் சிறிதளவே தணிக்கும் புதரும் பெரும் மணலைத் தடுத்துவிடுகிறது.

1958இல் லாங்பைன், ஷூம் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள், ஆற்றுப் படுகைகளின் வண்டல் அளவுகளை ஒப்பிட்டு, மண்ணரிப்பு மிகுவது பெருமழை நிலத்திலும் அன்று, பாலையிலும் அன்று, இரண்டுக்கும் இடைப்பட்ட அரைவறள் நிலத்திலேயே எனக் காட்டினர். அங்கு மண்ணை அடித்துச் செல்லப் போதிய நீர் உண்டு, மண்ணைப் பிடித்து நிறுத்தப் போதிய செடி இல்லை. அமெரிக்க அளவுகள் தேரிக்கு அப்படியே பொருந்தாவிடினும், மழை விழும் வேளையில் மண்மேல் என்ன இருக்கிறது என்பதே அரிப்பைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்னும் உட்பொருள் இங்கும் பொருந்தும்.

காலநிலை மாற்றம் இந்தச் சமநிலையை இருபுறமும் அசைக்கிறது. வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் மண் விரைந்து உலர்கிறது, பெய்யும்போது மழை கொட்டித் தீர்க்கிறது. 2016இல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது, இது இவ்வட்டாரத்தின் ஓராண்டு மழையையும் விஞ்சியதாகும். வறட்சியில் புல் அற்றுப்போன நிலத்தின்மேல் அத்தகைய மழை விழுமாயின், ஓடைகள் கரையறுத்துக் குளங்கள் மேடாகும்; அடுத்த கோடைக்குத் தேக்க நீரின்றிச் செடி மேலும் குறையும்.

ஆகவே பொதுமக்கள் முதலில் செய்ய வேண்டியது, காற்றுக் காலத்தில் தேரியோர நிலங்களை உழுதும் எரித்தும் வெறுமையாக்காதிருத்தல். சீமைக்கருவேலத்தை அகற்றுவது தேவையே. எனினும் ஆனி, ஆடியில் பொக்லைன் கொண்டு ஒரேயடியாகப் பெயர்த்துவிட்டுத் தரையைக் காற்றுக்குத் திறந்து போடுவது, அகற்றாமல் விடுவதைவிடத் தீங்கானது. மழை தொடங்கும் ஐப்பசியில் பகுதி பகுதியாக நீக்கி, நீக்கிய இடத்தில் உடனே உடை விதையும் பனங்கொட்டையும் ஊன்றுவதே முறை. பனை மெதுவாக வளரும் மரம் என்பது உண்மை. ஆனால் அதன் அடர்ந்த சல்லிவேர்கள் மணலைப் பிணைத்து நிற்பதற்கு ஈடான மரம் இம்மண்ணில் எளிதில் இல்லை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவிக்கப்பட்டிருப்பதால், செங்கல் சூளைக்கென அனுமதியின்றி வெட்டப்படும் மரங்களைப் பற்றி அதிகாரிகளுக்குத் தெரிவிக்கத் தயங்க வேண்டியதில்லை. செம்மண் அள்ளும் வண்டிகளைக் குறித்தும் அவ்வாறே.

அக்டோபர் 2 அன்று கூடும் கிராம சபை மழைக்குச் சற்று முன்னதாக அமைவதால், எந்தப் புறம்போக்கில் எந்த விதை, யார் பொறுப்பில், ஆடு மாடுகள் மேயாமல் எத்தனை காலம் காவல் என்பவற்றை அந்நாளிலேயே தீர்மானமாக எழுதி நிறைவேற்றுமாறு ஒவ்வோர் ஊராரையும் இக்கூட்டத்தார் கேட்டுக்கொள்கின்றனர்.