இணையம் அணைந்தால் நாணயமும் அணையும்

"வங்கி கைவிட்டாலும் கிரிப்டோ நாணயம் கைவிடாது" என்று எங்கள் வயதினர் பலர் சொல்வதைக் கேட்கிறேன். அதில் பாதி உண்மை. மறுபாதியையும் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

2020 ஒக்டோபரில் நைஜீரிய இளைஞர்கள் பொலிஸாரின் கொடுமைக்கு எதிராகத் தெருவில் இறங்கினர். காயப்பட்டோருக்கும் கைதானோருக்கும் உதவ இளம் பெண்களின் அமைப்பொன்று நிதி திரட்டியது. வங்கி வழி அடைபட்டதும் அவர்கள் பிட்கொயினில் நன்கொடை பெற்றனர். உதவி நிற்கவில்லை. இந்தப் பயனை மறுக்க முடியாது.

ஆனால் அன்று அங்கே இணையம் இருந்தது. 2022 ஜனவரியில் கஸகஸ்தானில் எரிவாயு விலையேற்றத்தால் கிளர்ச்சி மூண்டபோது அரசு இணையத்தையே துண்டித்தது. அங்கு பெருமளவில் நடந்துவந்த பிட்கொயின் அகழ்வும் முடங்கியது. வங்கி அட்டைகளும் பயன்படவில்லை. கைத்தொலைபேசியில் எத்தனை பிட்கொயின் இருந்தாலும் அந்நாட்களில் அதைக் கொண்டு ஒரு றாத்தல் பாணும் வாங்கியிருக்க முடியாது. கைக்காசுதான் உதவியது.

வங்கியின் கதவைத் தாண்டும் நாணயம், இணையத்தின் கதவைத் தாண்டாது. அதன் விலையும் ஒரே நாளில் சரியக்கூடியது. ஆகவே பெற்றோரே, வீட்டுச் செலவுக்கான பணத்தை அதில் போடாதீர்கள். ஒரு கிழமைக்குப் போதுமான கைக்காசை வீட்டில் வையுங்கள்.

தோழியரே, நாம் கேட்க வேண்டியது புதிய நாணயமல்ல, துண்டிக்கப்படாத இணையம். 2022 ஏப்ரலில் நம் நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. எதிர்ப்பு எழுந்தது, அதே நாளில் தடை நீங்கியது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அதுவே சான்று.