தம்ளரில் கரையாத சிக்கல்

டிஸ்பிரின் மாத்திரையைத் தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் உடைந்து, அரிசி கழுவிய தண்ணீர்போல் வெள்ளையாகக் கலங்கிவிடும். இதய நோயாளிகள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளும் எக்கோஸ்பிரின் அப்படியில்லை. தம்ளரின் அடியில் ஊறாத பட்டாணி மாதிரி உட்கார்ந்திருக்கும். பொறுமை இழப்பவர் அதைக் கரண்டியின் முதுகால் நசுக்குகிறார். விவரம் கேள்விப்பட்டவர் அரை ஸ்பூன் ஆப்ப சோடா போடுகிறார். டிஸ்பிரின், எக்கோஸ்பிரின் இரண்டுமே ஆஸ்பிரின். இரண்டையும் கரைத்துக் குடித்துவிட்டால் வயிறு தப்பித்தது என்ற நம்பிக்கை மட்டும் பொதுவானது.

அந்த நம்பிக்கை வானத்திலிருந்து விழவில்லை. ஆஸ்பிரின் ஓர் அமிலம், தண்ணீரில் லேசில் கரையாது. ஒரு கிராம் கரைய ஏறக்குறைய 300 மில்லி தண்ணீர் வேண்டும். இரைப்பையின் அமிலத்தில் இன்னும் மோசம். கரையாத துகள்கள் உட்சுவரில் ஒட்டி அந்த இடத்தைப் பதம் பார்க்கும். 1938இல் லண்டனில் டவுத்வெயிட், லின்டாட் என்ற இரு மருத்துவர்கள் ஆஸ்பிரின் கொடுத்துவிட்டு, குழாய்க் கருவி வழியே இரைப்பைக்குள் பார்த்தார்கள். பலருக்கு உட்சுவர் சிவந்திருந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1948இல், டிஸ்பிரின் கடைக்கு வந்தது. கால்சியம் கார்பனேட் சேர்ப்பதால் அமிலம் உப்பாக மாறிக் கரைந்துவிடுகிறது. சமையலறையில் ஆப்ப சோடா செய்வதும் இதே வேலைதான். பாட்டி வைத்தியம்போலத் தோன்றினாலும் வேதியியல் சரியாகவே இருக்கிறது.

ஆனால் ஆஸ்பிரின் வயிற்றைத் தாக்குவது இரண்டு வழிகளில். தம்ளர் அடைப்பது ஒன்றை மட்டும்.

இரண்டாவது வழியைக் காட்டியவர் ஜான் வேன். உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று 1971இல் அவர் நிறுவினார்; 1982இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். வலியையும் வீக்கத்தையும் தூண்டும் இதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரில் சளிப்படலத்தைச் சுரக்க வைத்து, அதை அமிலத்திடமிருந்து காக்கிறது. மாத்திரை குடலில் கரைந்தாலும் சரி, தம்ளரிலேயே கரைந்தாலும் சரி, ரத்தத்தில் கலந்து இரைப்பைக்குத் திரும்பி வருகிறது. வந்து காவலை விலக்குகிறது. போதாததற்கு ரத்தத் தட்டணுக்களையும் முடக்கிவிடுகிறது. ஒரு தட்டணு ஏழு முதல் பத்து நாள் வாழும், அதுவரை அதற்கு மீட்சியில்லை. இதய அடைப்பைத் தடுக்க மருத்துவர் எதிர்பார்ப்பதும் இதைத்தான். புண் ஒன்று கசியத் தொடங்கினால் நிற்க மறுப்பதும் இதனால்தான்.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 1996இல் 'லான்செட்' இதழில் வந்த ஓர் ஆய்வு, ஆஸ்பிரின் எடுக்காதவர்களோடு ஒப்பிட்டு, இரைப்பை, முன்சிறுகுடல் பகுதியில் பெரிய ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பைக் கணக்கிட்டது. சாதாரண ஆஸ்பிரினுக்கு 2.6 மடங்கு. குடலில் போய்க் கரையும்படி மேல்பூச்சு போட்டதற்கு 2.7. அமிலத்தைத் தணிக்கும் பொருள் சேர்த்ததற்கு 3.1. இந்தச் சின்ன வித்தியாசங்களை வைத்து எது மோசம் என்று சொல்ல முடியாது. எதுவும் சாது இல்லை என்று சொல்லலாம்.

எக்கோஸ்பிரினை நசுக்குகிறவர் கதை இன்னும் வேடிக்கை. அதன் மேல்பூச்சு இரைப்பையின் அமிலத்துக்கு அசையாமல் குடலில் கரைவதற்கென்றே போடப்பட்டது. அதை உடைத்துக் குடிப்பவர், வயிற்றில் படக்கூடாது என்று தயாரித்ததை வயிற்றிலேயே கொட்டிக்கொள்கிறார். நெஞ்சுவலி வந்து மாரடைப்பு என்று சந்தேகிக்கும் வேளையில் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வார்கள். அது மருந்து வேகமாக ரத்தத்தில் கலக்க. அந்த அவசரத்தைத் தினசரிப் பழக்கமாக்க வேண்டியதில்லை.

ஆப்ப சோடாவுக்கும் விலை உண்டு. ஒரு டீஸ்பூனில் சுமார் 1,200 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. பெரியவர்கள் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆஸ்பிரின் போடுபவர்களில் கணிசமானோர் ரத்தக்கொதிப்புக்காரர்கள். ஊறுகாயையும் அப்பளத்தையும் ஒதுக்கிவிட்டு, அந்த உப்பை மாத்திரையோடு குடிப்பது என்ன கணக்கோ!

அப்படியானால் வயிற்றை எது காக்கும்? நம்மவர்கள் 'கேஸ் மாத்திரை' என்று சொல்லும் ஒமிப்ரசோல், பான்டபிரசோல் வகைகள். அமிலச் சுரப்பையே குறைப்பதால், காவல் குறைந்த சுவரும் தாக்குப்பிடிக்கிறது. ஹாங்காங்கில் நடந்து 2005இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஏற்கெனவே ஆஸ்பிரினால் புண்ணாகி ரத்தம் கசிந்து ஆறியவர்கள் 320 பேர். ஒரு பாதிக்கு ஆஸ்பிரினுக்குப் பதில், தட்டணுக்களை முடக்கும் இன்னொரு மருந்தான குளோபிடோக்ரெல், மறு பாதிக்கு ஆஸ்பிரினோடு அதே வகைக் கேஸ் மாத்திரையான ஈசோமிப்ரசோல். ஓராண்டில் முதல் கூட்டத்தில் 8.6 சதவீதம் பேருக்கு மீண்டும் ரத்தம் கசிந்தது, இரண்டாவதில் 0.7 சதவீதம். எந்தத் தம்ளர் வித்தையும் இவ்வளவு செய்ததில்லை. வயிற்றில் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருந்தால் அதையும் ஒழிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முந்திய கேள்வி, அந்த ஆஸ்பிரின் தேவையா என்பது. ஸ்டென்ட் வைத்தவர்களும் மாரடைப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. ஆனால், 'எதுக்கும் இருக்கட்டும்' என்று பக்கத்து வீட்டாரைப் பார்த்துத் தொடங்கிய ஆரோக்கியமான முதியவர்கள்? ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆஸ்ப்ரீ ஆய்வில், அத்தகையோருக்கு இதய நோய் குறிப்பிடும்படி குறையவில்லை; பெரிய ரத்தக்கசிவுதான் கூடியது.

'கரைச்சுக் குடிக்கிறேன், எரியவே இல்லை' என்று ஒருவர் சொன்னால் அது பொய்யல்ல. எரிச்சல் துகள்களால் வந்திருந்தால், கரைத்ததும் அது குறைந்திருக்கும். ஆனால் ஆஸ்பிரின் புண்கள் பல வலியே காட்டாமல் வளரும். முதல் தடயம் காலையில் கழிப்பறையில் தெரியலாம்: தார்போல் கறுத்து, பிசுபிசுத்த மலம். இரும்புச்சத்து மாத்திரை போடுபவர்களுக்கும் மலம் கறுக்கும் என்பதால், 'அதுவாக இருக்கும்' என்று நாள் கடத்துவது எளிது. அந்த நாளைக் கடத்தாமல், கையில் மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.