நாய்க்கு நட்ட கல்

நாம் கொண்டாடும் வரலாற்று நாட்கள் யாருடையவை? பெரும்பாலும் முடிசூடியவர்களுடையவை, போரில் வென்றவர்களுடையவை. வாயில்லா உயிருக்கு அங்கே இடமில்லை.

பண்டை எகிப்தியர் பூனையைப் போற்றினர். வீட்டுப் பூனை இறந்தால் புருவத்தை மழித்துத் துக்கம் காத்தனர் என்கிறார் கிரேக்க அறிஞர் எரோடோட்டசு. ஆனால், அவர்கள் பதப்படுத்திப் புதைத்த பூனை உடல்கள் 1890-இல் டன் கணக்கில் இங்கிலாந்துக்குக் கப்பலேறி வயலுக்கு உரமாயின. நினைவு அறுந்தால் தெய்வமும் எருவாகும்!

எகிப்து எதற்கு? நம் மைசூருக்கு அருகே, மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த கன்னடக் கல்வெட்டைப் பாருங்கள். தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்ததை அது சொல்கிறது. ஆண்டு கி.பி. 949-50. அதே கல் ஒரு நாயின் கதையையும் சொல்கிறது. போரில் வீரம் காட்டிய மணலேரன், பரிசாகக் கேட்டது பொன்னன்று. காளி என்னும் வேட்டை நாய்! காட்டுப்பன்றியோடு பொருது காளி மாண்டது. அதற்குக் கல் நட்டு, நிலமும் விட்டனர்.

தமிழகத்திலும் இவ்வழக்கம் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில் கோவிவன் என்னும் நாய் தன் தலைவனோடு நிற்கிறது.

மன்னர்கள் மோதினர், மக்கள் நெஞ்சமோ இரு மொழியிலும் ஒன்றாகவே கசிந்தது. தக்கோலத்தை எண்ணி இன்று பகை வளர்ப்பது பேதைமை. ஆதகூர்க் கல் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாணவத் தோழர்களே, நமது அடுத்த வரலாற்று விழாவை மேடைப் பேச்சோடு முடிக்க வேண்டாம். கன்னட நண்பர்களையும் அழைத்துச் சென்று அக்கல்லின்முன் நிற்போம். அவர்கள் படித்துச் சொல்லட்டும், நாம் கேட்போம்.