மழை கழுவாது

போன ஞாயிறு காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வண்ணாரப்பேட்டை திரும்பினேன். எண்ணூர் இறால் முன்போல் வருவதில்லை என்றார் ஓட்டுநர். பக்கத்திலிருந்த பெரியவர் உடனே தீர்ப்புச் சொன்னார்: "எண்ணெய் கொட்டுனதெல்லாம் பழைய கதைப்பா. கடல் என்ன குட்டையா? ரெண்டு மழை பெஞ்சா கழுவிட்டுப் போயிடும்." எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

மழையா கழுவும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைதானே மணலி சுத்திகரிப்பு ஆலை எண்ணெயைப் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்குள் கொண்டுவந்தது! அதற்கு முன் 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அப்போது வாளி வாளியாக அள்ளினார்கள். அள்ளியது கரையில் ஒதுங்கியதை. சேற்றில் இறங்கியதை எந்த வாளி அள்ளும்?

அமெரிக்காவின் வெஸ்ட் ஃபால்மவுத் கரையில் 1969 செப்டம்பரில் ஒரு எண்ணெய்ப் படகு தரைதட்டியது. கொட்டியது டீசல் போன்ற எண்ணெய், ஏறக்குறைய 7 லட்சம் லிட்டர். 35 ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே சேற்றுக்குள் எண்ணெய் இருந்தது. ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சின்ன நண்டுகள் வளை தோண்டி, எண்ணெய்ப் படிவம் தட்டுப்பட்டதும் ஆழம் போகாமல் திரும்பின. வெஸ்ட் ஃபால்மவுத்திலும் மழை பெய்கிறது. அலையும் அடிக்கிறது. 35 ஆண்டு மழை கழுவாததை நம் இரண்டு மழை கழுவிவிடுமா?

மேலே மிதப்பதில் ஒரு பகுதி வெயிலில் ஆவியாகும். சேற்றில் புதைந்ததில் காற்று படாது; அதைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் அங்கே மெல்லத்தான் வேலை செய்யும். அந்தச் சேறுதான் கடுகைவிடச் சிறிய ஓட்டுயிர்கள், நூல்புழுக்கள், குட்டி இறாலினங்களின் வீடு. அவற்றைத் தின்றுதான் இறாலும் நண்டும் வளர்கின்றன. "புழு திரும்ப வந்துடுச்சே" என்பவர்களுக்கும் வெஸ்ட் ஃபால்மவுத்தே பதில். மற்றவை செத்தொழிந்த சேற்றில், நச்சைத் தாங்கும் ஒரே வகைப் புழு மளமளவென்று பெருகியது. பத்துக் குடும்பம் வாழ்ந்த தெருவில் ஒரு குடும்பம் மட்டும் பெருகினால் ஊர் மீண்டது என்பீர்களா?

கொசஸ்தலை கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் மட்டுமா? அனல்மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகப் படிந்து கிடக்கிறது. மிக்ஜாம் மழையில் எண்ணெய் வந்த அதே 2023 டிசம்பரில், 26ஆம் தேதி இரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். வடசென்னை என்றால் எதையும் தாங்கும் என்று யார் எழுதிக் கொடுத்தது? எண்ணெய்க்கு நிவாரணமாக மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய். சேற்றுக்கு என்ன?

பெரியவரே, கடல் பெரிதுதான். எண்ணூர் மீனவர் பிழைப்பு அந்தக் கழிமுகச் சேற்றில் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்தச் சேற்றைத் தோண்டிப் பரிசோதித்து, முடிவைத் தமிழில் ஒவ்வொரு குப்பத்திலும் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை "சரியாகிவிட்டது" என்று எண்ணூர்க்காரரிடம் சொல்லாதீர்கள்.